குற்றமற்ற மீனைக் கொல்லலாமா?



ஒரு பிராணியைக் காப்பாற்றுவதற்காக இன்னொரு பிராணியைக் கொல்லலாமா? உணவுக்காகக் கொல்வதைப்பற்றி இங்கே பேச்சில்லை. தபசுகாலத்து வெள்ளிக்கிழமைகளில் மீன் சமைக்கிற நம் வீடுகளில் அந்தக் கேள்வி எழுவதும் இல்லை. நான் கேட்பது வேறு. தின்பதற்கல்ல, விற்பதற்கல்ல, பயத்தினாலும் அல்ல. மற்றொரு மீன் பிழைக்கவேண்டும் என்பதற்காக மட்டும், யாதொரு குற்றமும் அறியாத மீன்களை லட்சக்கணக்கில் பிடித்துக் கொல்வது நியாயமா?

இது பொழுதுபோக்குக்காக எழுப்பிய கற்பனைக் கேள்வி அல்ல. அமெரிக்க ஐக்கிய நாடுகளில், வயோமிங் மாநிலத்தில், வருஷந்தோறும் சில வாலிபரும் யுவதிகளும் சம்பளம் வாங்கிக்கொண்டு இந்த வேலையைச் செய்துவருகிறார்கள். அவர்கள் வேட்டைக்காரர் அல்லர், மீனவரும் அல்லர். மீன்களைப் பாதுகாக்கும் இலாகாவின் களப்பணியாளர்கள். ஏரியில் பனிக்கட்டி விலகும் மே மாதக் கடைசியில் வேலைக்குச் சேர்ந்து, அக்டோபரில் வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள். அறுவடைக்கு ஆள் எடுப்பதுபோல, பருவத்துக்கு மட்டும் எடுக்கப்படுகிறவர்கள்.

அந்த ஏரியின் பெயர் யெல்லோஸ்டோன் ஏரி. 1872-ல் அமைக்கப்பட்ட யெல்லோஸ்டோன் பூங்காவுக்குள் இருக்கிறது. கடல்மட்டத்துக்கு 7,700 அடிக்கு மேற்பட்ட உயரம். சுமார் 136 சதுர மைல் பரப்பு. அதற்குச் சொந்தமான மீன் கட்த்ரோட் என்னும் டிரவுட் இனம். தாடையின் கீழே கழுத்தை அறுத்தாற்போல் ஒரு சிவப்புக் கோடு இருப்பதால் அந்தப் பெயர். இளவேனில் முடியும் சமயத்தில் இந்த மீன் ஏரியைவிட்டுச் சிற்றோடைகளில் ஏறி முட்டையிடும். ஓடையில் தண்ணீர் முழங்காலளவுதான். ஆகவே கிரிஸ்லி கரடி வந்து பிடிக்கும், நீர்நாய் பிடிக்கும், விராலடிப்பான் என்கிற பருந்து மேலிருந்து பாய்ந்து தூக்கும். இவ்வளவு பேருக்கும் பந்தி வைத்தபிறகும் மீன் குறையாமல் இருந்தது. ஏரிக்கரையில் கிளியர் கிரீக் என்று ஓர் ஓடை உண்டு. 1978-ல் அதில் ஏறிவந்த மீன்களை எண்ணியபோது 70,000-க்கு மேல் இருந்தன. அதே ஓடையில் 2007-ல் எண்ணியபோது கிடைத்தவை 538.

நடந்தது யாதெனில், 1994-ல் தூண்டிற்காரர் ஒருவருடைய தூண்டிலில் அந்த ஏரியில் இருக்கக்கூடாத மீன் ஒன்று அகப்பட்டது. அது லேக் டிரவுட் என்னும் இனம். இது பெரிதாக வளரும்; நெடுநாள் வாழும்; ஆழத்தில் தங்கும்; மற்ற மீன்களைத் தின்னும். ஒரு லேக் டிரவுட் வருஷத்துக்கு நாற்பது கட்த்ரோட்டுகளுக்குமேல் விழுங்கும் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். சரி, பெரிய மீன் சின்ன மீனைத் தின்பது உலக வழக்கந்தானே என்பீர்கள். ஆனால் இந்தப் பெரிய மீன் ஓடையில் ஏறுவதில்லை. ஏரியின் ஆழத்திலேயே முட்டையிட்டு ஆழத்திலேயே வாழும். கரடிக்கும் எட்டாது, பருந்துக்கும் எட்டாது. கட்த்ரோட் மறைந்தால் அதன் இடத்தை இது நிரப்புமென்று நினைப்பதற்கில்லை. பந்தியே எடுபட்டுப்போகும். ஓடையில் மீன் அற்றுப்போனபின் கரடிகள் எல்க் மான்களின் கன்றுகளை முன்னிலும் அதிகமாகக் கொல்லத் தொடங்கின என்று 2013-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறுகிறது. ஏரிக்குள் நடந்ததன் பலனை மலைமேல் மேய்கிற மான் அனுபவித்தது!

இப்போது அந்த வேலையைப் பாருங்கள். ஆழமான இடங்களில் செவுள் வலையை மைல் கணக்கில் இறக்குகிறார்கள். பிறகு யந்திரத்தால் இழுத்து, மீனை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கிறார்கள். குளிர், காற்று, கையெல்லாம் செதிலும் வழுவழுப்பும். பிடிபட்டவற்றில் மாதிரிக்குச் சிலவற்றை அளந்து, ஆணா பெண்ணா என்று பார்த்து, தலைக்குள் இருக்கும் சிறு கல்லை எடுத்துவைக்கிறார்கள். மரத்தின் வளையம்போல அந்தக் கல்லில் வயது தெரியும். மீன் தலையில் கல் இருப்பது நம் கடற்கரைத் தாய்மாருக்குப் புதிதல்ல. காப்பாற்றவேண்டிய கட்த்ரோட்டும் சில சமயம் வலையில் சிக்கிவிடுகிறது. உயிரோடிருந்தால் விடுவார்கள், எல்லாம் உயிரோடிருப்பதில்லை. இவ்விதமாக 1994 முதல் இன்றுவரை அந்த ஏரியிலிருந்து எடுக்கப்பட்ட லேக் டிரவுட்டுகள் 40 லட்சத்துக்கு மேல். அவற்றில் பெரும்பாலானவற்றைக் காற்றுப்பையைக் குத்தி ஏரியின் அடியிலேயே அமிழ்த்திவிடுகிறார்கள்.

பசித்தவனுக்குக் கொடுக்கலாகாதா என்று உடனே கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்விதான். ஏரியின் சத்து ஏரிக்குள்ளேயே இருக்கவேண்டும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். காரணம் மெய்யே. ஆனாலும் அது என் மனத்துக்கு முழுத் திருப்தி தரவில்லை என்பதை மறைப்பானேன்?

இனி நியாயத்துக்கு வருவோம். நன்மை விளையவேண்டுமென்று தீமை செய்யலாகாது என்பது நாம் சிறுவயதில் படித்த பாடம். ஆகையால், மீனைக் கொல்வது தன்னிலேயே பாவமாயிருந்தால், எத்தனை கட்த்ரோட்டுகள் பிழைத்தாலும் அது நியாயமாகாது. ஆனால் அது தன்னிலே பாவமல்ல என்பது திருச்சபையின் பழைய போதனை. அர்ச். தோமாஸ் அக்குவினாஸ், மிருகங்கள் மனிதனுடைய உபயோகத்துக்கானவை என்கிறார். அவற்றிடம் குரூரமாய் நடக்கிறவன் மனிதரிடமும் குரூரனாவான் என்றும் எச்சரிக்கிறார். அப்படியானால் கேட்கவேண்டியவை வேறு கேள்விகள். தக்க காரணம் உண்டா? வேறு வழி உண்டா? எந்த மனத்தோடு செய்கிறார்கள்?

“இயற்கை பார்த்துக்கொள்ளட்டும், மனிதன் ஏன் தலையிடவேண்டும்?” என்று சிலர் சொல்வார்கள். கேட்க அழகாயிருக்கிறது. ஆனால் அந்த மீன் அங்கே தானாக வரவில்லையே! 1890-ல் அரசாங்கத்தின் மீன்துறையார், மீனே இல்லாதிருந்த லூயிஸ் ஏரியில் லேக் டிரவுட்டைக் கொண்டுவந்து விட்டார்கள். தூண்டில் போடுகிறவர்களுக்குச் சந்தோஷம் உண்டாகட்டும் என்ற நல்லெண்ணந்தான். அதிலிருந்து ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து, 1980-களில், யாரோ சட்டத்துக்கு விரோதமாய் அந்த மீனை யெல்லோஸ்டோன் ஏரிக்கு எடுத்துப்போனார்கள். முன் சொன்ன தலைக்கல்லின் ரசாயனத்தை ஆராய்ந்தபோது இது தெரியவந்தது. செய்தவன் அகப்படவில்லை; அவன் கொண்டுபோன மீனின் சந்ததி தண்டனையை அனுபவிக்கிறது. இன்னும் பின்னே போனால், 1899 முதல் 1957 வரை அதே ஏரியின் கட்த்ரோட்டுகளிலிருந்து 80 கோடிக்கு மேற்பட்ட முட்டைகளைப் பிழிந்தெடுத்து வெளியூர்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதுவும் மீனைப் பெருக்கும் நல்லெண்ணமே. மீனைத் தூக்கி இங்குமங்கும் வைப்பது அந்நாட்டார் மட்டும் செய்த காரியமல்ல. நம் ஏரி குளங்களில் நிறைந்திருக்கும் ஜிலேபிக் கெண்டையும் ஆப்பிரிக்காவைச் சேர்ந்ததுதான்; 1952-ல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டது.

ஆகவே, இயற்கையின்மேல் பாரத்தைப் போட்டுவிட்டுக் கைகட்டி நிற்பது, பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் ஆட்டை அவிழ்த்துவிட்டவன், “ஆடு தின்னும், செடி போகும், அது ஆண்டவன் சித்தம்” என்று சொல்வதை ஒக்கும். திருடினவன் பாவசங்கீர்த்தனம் செய்தால் மட்டும் போதாது. எடுத்ததைத் திரும்பக் கொடுக்கவும் வேண்டும். ஞானோபதேச வகுப்புப் பிள்ளைக்கும் இது தெரியும். கெடுத்த ஏரியைச் சீர்செய்வது மனிதன் தீர்க்கவேண்டிய கடன்.

ஆனால் இங்கேதான் சங்கடம், வாசகரே. கடன் பட்டவன் மனிதன். கொடுக்கப்படுவதோ மீனின் உயிர். இதை லேசாகக் கடந்துபோக நான் விரும்பவில்லை. ஏனென்றால் வெகு சீக்கிரத்தில் அந்த மீனைப் பகைவன் என்றும் கொள்ளைக்காரன் என்றும் அழைக்கத் தொடங்கிவிடுகிறோம். பத்திரிகைகள் அப்படித்தான் எழுதுகின்றன. பகைவன் என்று சொல்லிவிட்டால் மனம் இலேசாகிறது அல்லவா?

அது பொய் என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். இந்த லேக் டிரவுட்டின் பூர்வீகம் கிழக்கே, மிச்சிகன் முதலிய பேரேரிகள். அங்கே அது சொந்தக் குடி. கப்பல்களுக்காக வெட்டிய கால்வாய் வழியாக, லாம்ப்ரே என்னும் விலாங்கு போன்ற ஒட்டுண்ணி அந்த ஏரிகளில் ஏறிற்று. அது மீனின் உடலில் வாயைப் பதித்து இரத்தத்தை உறிஞ்சும். அதனாலும் அளவுமீறிப் பிடித்ததனாலும், 1950-களின் நடுவில் மிச்சிகன் ஏரியில் லேக் டிரவுட் அடியோடு அற்றுப்போயிற்று. அங்கே ஜனங்கள் அதற்காகத் துக்கித்தார்கள். 1958 முதல் லாம்ப்ரேயைக் கொல்ல ஓடைகளில் மருந்து விட்டு, லேக் டிரவுட்டைத் திரும்ப வளர்க்கப் பாடுபட்டுவருகிறார்கள். அற்றுப்போன வம்சத்துக்கு வித்து எங்கே கிடைத்தது தெரியுமா? 1890-ல் மிச்சிகன் வம்சத்து மீனை விட்ட அதே லூயிஸ் ஏரியிலேதான்! அங்கிருந்து முட்டை எடுத்துப்போய் மிச்சிகனில் குஞ்சு விட்டார்கள். ஒரே மீன், ஒரே இரத்தம். ஓரிடத்தில் அதைக் குழந்தைபோல் வளர்க்கிறார்கள். மற்றோரிடத்தில் வலைபோட்டு அழிக்கிறார்கள். இரண்டிடத்திலும் செய்வது ஒரே இலாகாவைச் சேர்ந்த படிப்பு படித்த, ஒரே வயதுள்ள வாலிபர்கள். மீனில் குற்றமில்லை, இருக்கும் இடத்தில்தான் கோளாறு, அந்த இடத்தில் கொண்டுவைத்ததும் மனிதனே.

இன்னொன்று, நம்மவர்க்குச் சற்றுக் கூச்சம் தரக்கூடியது. முட்டையிடும் இடத்தைக் கண்டுபிடிக்க, சில லேக் டிரவுட்டுகளின் வயிற்றில் ஒலி அனுப்பும் சிறு கருவியை வைத்துத் தைத்து, ஏரியில் விட்டுவிடுகிறார்கள். அது தன் கூட்டத்தோடு போய்ச் சேரும்; கருவி இடத்தைக் காட்டிக்கொடுக்கும்; அங்கே வலை இறங்கும். அந்த இடத்து முட்டைகளின்மேல் சோயாவும் கோதுமைப் புரதமும் கலந்த குளிகைகளைக் கொட்டி, அவை அழுகும்போது பிராணவாயு இல்லாமல் முட்டைகள் சாகும்படி செய்வதும் உண்டு. இப்படி அனுப்பப்படும் மீனுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் “யூதாஸ் மீன்.” பெயர் வைத்தவர்கள் விளையாட்டாகத்தான் வைத்திருப்பார்கள். ஆனால் யூதாஸ் தெரிந்து செய்தான். முப்பது வெள்ளிக்காசை எண்ணி வாங்கினான். இந்த மீன் முட்டையிடப் போகிறது, அவ்வளவே. தந்திரம் முழுவதும் மனிதனுடையது. அப்படி ஒரு தந்திரம் தேவைப்படுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. தேவைப்படும்போது அதன் பாரத்தையும் பெயரையும் மீனின் தலையில் ஏற்றாதிருப்பது நலம்.

ஆக, என் கேள்விக்கு என் பதில்: கொல்லலாம். வேறு வழி காணப்படாதவரையில், தேவையான அளவுக்கு, கொல்லலாம். கட்த்ரோட்டும் கரடியும் பருந்தும் மனிதன் செய்த பிழைக்காக அழியவேண்டுமென்று நியாயம் இல்லை. பலனும் தெரிகிறது. 2012-க்குப் பின் லேக் டிரவுட் தொகை இறங்கிவருகிறது; ஓடைகளில் மறுபடி கட்த்ரோட் ஏறுகிறது. ஆனால் அடியோடு ஒழித்துவிட முடியுமென்று பொறுப்பிலுள்ளவர்கள் நம்பவில்லை. வலையை நிறுத்தினால் திரும்பப் பெருகும். ஆகவே இது வருஷந்தோறும் செய்யவேண்டிய வேலை. முடிவு தேதி குறிக்கப்படாத வேலை.

இந்த வேலை வலை இழுக்கிறவர்களோடு நிற்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். விடுமுறைக்கு அங்கே போகும் குடும்பங்களுக்கும் சட்டம் உண்டு. அந்த ஏரியில் தூண்டிலில் கட்த்ரோட் சிக்கினால் காயமின்றித் திரும்ப விடவேண்டும். லேக் டிரவுட் சிக்கினால் உயிரோடு விடக்கூடாது, கொன்றேயாக வேண்டும். ஒரு தகப்பன் தன் பத்து வயதுப் பிள்ளையோடு கரையில் நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரு மீனை முத்தமிட்டு அனுப்பாத குறையாகத் தண்ணீரில் விட்டார்கள். மாலையில் வேறொன்று அகப்படுகிறது. அதுவும் அழகான மீன்தான். “இது என்னப்பா செய்தது?” என்று பிள்ளை கேட்கிறது.

“இது கெட்ட மீன்” என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். பல தகப்பன்மார் அப்படித்தான் சொல்வார்கள். பிள்ளையும் அடுத்த மீனைச் சிரித்துக்கொண்டே அடிக்கும். “இது ஒன்றும் செய்யவில்லை, கண்ணே. நம்மைப்போல ஒருவர் இதை இங்கே கொண்டுவந்து விட்டார்” என்று சொல்கிறவன், ஒரே அடியில் வலிக்காமல் கொல்லவும் கற்றுக்கொடுப்பான். மீனைச் சுத்தம் செய்து அன்றிரவு சாப்பாட்டுக்கு எடுத்துப்போவான். அங்கே அதற்குத் தடையில்லை.