சிக்கல் வந்தால் என்ன? எழுந்திரு!

இதய வால்வு மாற்றியாகிவிட்டது. இனி எல்லாம் சரியாகிவிடும் என்றுதானே நினைத்தாய்?

ஆகவில்லை. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. திடீரென்று படபடக்கிறது. ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். ஒரு மாதம் ஏறுகிறது, மறுமாதம் இறங்குகிறது. பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். மறுபடியும் ஆஸ்பத்திரி. மறுபடியும் ஊசி.

உடனே என்ன செய்கிறாய்? "என் கதை முடிந்தது" என்று கட்டிலில் சாய்கிறாய்!

முடிந்தது என்று யார் சொன்னது? டாக்டர் சொன்னாரா? எக்கோ ரிப்போர்ட் சொன்னதா?

உன் பயம் சொன்னது! நீயும் நம்பிவிட்டாய்!

இந்திய வால்வு பிறந்த கதை தெரியுமா உனக்கு? திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் இந்தியாவுக்கென்று ஒரு செயற்கை வால்வு செய்ய இறங்கினார். வெளிநாட்டு வால்வின் விலை ஏழைக்கு எட்டவில்லையே!

முதல் வடிவம் தோற்றது. இரண்டாவதும் தோற்றது. மூன்றாவதும் தோற்றது!

விட்டாரா மனிதர்? நான்காவதைச் செய்தார். 1990 டிசம்பரில் அது முதல் நோயாளியின் இதயத்தில் பொருத்தப்பட்டது. இன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ‘சித்ரா’ என்ற அந்த வால்வு பொருத்தப்பட்டிருக்கிறது.

வால்வே மூன்று முறை தோற்றுத்தான் ஜெயித்தது. நீ ஒரு முறை சறுக்கியதற்கே படுத்துவிடுவாயா?

ஹாலிவுட் நடிகர் அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகரைப் பார்! பிறவியிலேயே வால்வுக் கோளாறு. 1997-இல் இதய அறுவை சிகிச்சை. 2018-இல் பழைய வால்வை ரத்தக்குழாய் வழியே மாற்றப் போனார்கள். உள்ளே ரத்தக் கசிவு! அவசரமாக நெஞ்சைத் திறந்தார்கள்.

அப்போது அவருக்கு 70 வயது. பிடித்து நடக்கும் வாக்கரைப் பற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்தார். அதே ஆண்டில் டெர்மினேட்டர் படப்பிடிப்புக்குப் போனார். 2020-இல் மறுபடியும் வால்வு மாற்றம். மறுபடியும் எழுந்தார்!

"அவரிடம் பணம் இருக்கிறது" என்கிறாயா? வராந்தாவில் நடக்க எதற்குப் பணம்? அடுத்த அடியை எடுத்து வைக்க எவ்வளவு செலவாகும்? சொல்!

"ரத்தம் உறையாமல் இருக்க ஆயுசு முழுக்க மாத்திரையா?" என்று சலித்துக்கொள்கிறாயா? ஆமாம், உலோக வால்வு என்றால் ஆயுசு முழுக்கத்தான்! ஒரு வேளை தவறினாலும் வால்வில் ரத்தம் உறைய வாய்ப்புத் தருகிறாய். அந்த உறைகட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். மாத்திரையின் அளவு கூடினால் ரத்தக் கசிவு. மாத்திரையை நீயாக நிறுத்தாதே! நீயாகக் கூட்டாதே!

தினமும் அதே நேரத்தில் விழுங்கு. சொன்ன தேதியில் ஐ.என்.ஆர். பார். மாத்திரையின் வேலையைக் குறைக்கும் என்று கீரையைக் கண்டு ஓடாதே. ஒரு வாரம் அள்ளிச் சாப்பிட்டு மறுவாரம் அறவே நிறுத்தாதே. அளவாக, ஒரே சீராகச் சாப்பிடு. வலி மாத்திரையோ நாட்டு மருந்தோ, டாக்டரைக் கேட்காமல் வாயில் போடாதே.

பல் பிடுங்கப் போகிறாயா? வால்வு மாற்றியதை முதலில் சொல். காய்ச்சல் விடவில்லையா? வால்வில் கிருமி தொற்றியிருக்கலாம். கஷாயம் குடித்துக் காத்திருக்காதே, ஆஸ்பத்திரிக்கு ஓடு! முகம் கோணினால், பேச்சுக் குழறினால், மலம் கறுத்தால், திடீரென்று மூச்சுத் திணறினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதே!

இதுதான் வீரம்! தினமும் செய்கிற வீரம்! கைதட்ட ஆள் இல்லாத வீரம்!

ராத்திரியில் நெஞ்சுக்குள் டிக் டிக் என்று கேட்கிறதா? ஏன் நடுங்குகிறாய்? வால்வு வேலை செய்கிறது! நீ உயிரோடு இருக்கிறாய்!

மனசு பாரமாக இருக்கிறதா? இதய ஆபரேஷன் செய்துகொண்ட பலருக்கும் வருவதுதான். உள்ளுக்குள் பூட்டி வைக்காதே. வீட்டில் சொல். டாக்டரிடம் சொல். உதவி கேட்பது கோழைத்தனம் என்று எந்த முட்டாள் சொன்னான்?

இன்னொரு ஆபரேஷன் வேண்டும் என்கிறார்களா? கேள்விகளை எழுதிக்கொண்டு போ. ஒவ்வொன்றையும் கேள். தெரிந்துகொள். தெரிந்தவனைப் பயம் அவ்வளவு சுலபமாக வீழ்த்த முடியாது!

நாளைக்கு, அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்ட பரிசோதனையை முதலில் முடி. எவ்வளவு தூரம் நடக்கலாம் என்று டாக்டரைக் கேள். அவர் பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடம் நட. ஒரு நாளும் விடாமல் நட!

சிக்கல் வந்தது உன் குற்றமல்ல. எழுந்து நிற்பது உன் பொறுப்பு. எழுந்திரு!