லீவுல வேலைக்கு அனுப்பலாமா?



போன ஞாயிறு ஆராதனை முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது ஒரு சகோதரர், "பிரதர், பையன் பத்தாவது எழுதிட்டான். லீவுல சும்மாதானே இருக்கான், பீங்கான் பட்டறைக்கு அனுப்பட்டுமா?" என்று கேட்டார். உடனே என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

1981 மே மாதம், என் பதினைந்தாவது வயதில், நானும் அப்படிப் போனவன்தான். இதே விருத்தாசலத்தில் ஒரு சின்னப் பட்டறை. அச்சில் அழுத்தி எடுத்த ப்யூஸ் கேரியர்களின் பிசிறைச் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்துப் பலகையில் அடுக்க வேண்டும். முதல் நாளே ஒரு பலகையைக் கவிழ்த்துவிட்டேன். மேஸ்திரி திட்டவில்லை. "இன்னும் சூளைக்குப் போகலையே, அழாதே. ஊறப்போட்டா மறுபடி மண்ணுதான்" என்றார். சுட்ட பிறகு உடைந்தால் அது மண்ணாகாது. தப்பைத் திருத்திக்கொள்ளக்கூடிய வயதில் வேலை பழகுவது பாக்கியம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். முதல் வாரக் கூலியை அம்மா கையில் கொடுத்தேன். ஒரு ரூபாய்க்கு எத்தனை தடவை குனிய வேண்டும் என்கிற கணக்கு அன்றைக்கே பிடிபட்டது.

இதை எத்தனையோ வாலிபர் கூட்டங்களில் சாட்சி மாதிரி சொல்லியிருக்கிறேன். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. என் பக்கத்தில் என் வயதுப் பையன் ஒருவன் அதே வேலை செய்தான், என்னைவிட வேகம். ஜூனில் நான் பள்ளிக்கூடம் போனேன். அவன் போகவில்லை. அவன் கூலி இல்லாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. எனக்குப் பாடமாக இருந்த வேலைதான் அவனுக்குப் பள்ளிக்கூடக் கதவை அடைத்தது. அவனை விட்டுவிட்டு உழைப்பின் மேன்மையைப் பேசினால் அது பாதி சாட்சிதானே?

பீங்கான் கலவையில் குவார்ட்ஸ் உண்டு. அந்த நுண்தூள் வருஷக்கணக்கில் நெஞ்சில் படிந்தால் சிலிக்கோசிஸ் வரும். அதைக் குணமாக்க மருந்தில்லை. நாங்கள் அப்போது மூக்கில் ஒரு துணிகூடக் கட்டியதில்லை. 18 வயது நிரம்பாதவர்களை ஆபத்தான தொழில்களில் வைக்கக்கூடாது என்று 2016-ல் சட்டத்தையும் திருத்திவிட்டார்கள்.

மறுநாள் அந்தச் சகோதரர் வீட்டுக்குப் போனேன். "பட்டறை வேண்டாங்க. மளிகைக்கடை, புத்தகக்கடை மாதிரி தூசி இல்லாத இடமா பாருங்க. கூலியில அவன் கையிலயும் கொஞ்சம் கொடுங்க. ஆமா, பதினொண்ணாவதுல எங்கே சேர்க்கப் போறீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். உள்ளேயிருந்து பையன்தான் சொன்னான்: "அதை இன்னும் பேசலீங்க ஐயா."