சாவுக்கு ஆயத்தமும் நம்பிக்கையும்



சுரங்கத்தில் சிக்கினவர்களைப் பற்றிப் படம் பிடிக்க அதிகப் பணம் வேண்டியதில்லை. இருட்டும், ஏறிவரும் தண்ணீரும், சில மனிதரும் போதும். பார்க்கிறவர் கேட்பதெல்லாம், "பிழைப்பார்களா?" என்பதே. அதைவிடப் பெரிய கேள்வி ஒன்றுண்டு.

2002-ம் ஆண்டு ஜூலை 24-ந் தேதி இரவு, அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்துக் குவிக்கிரீக் நிலக்கரிச் சுரங்கத்தினுள், பக்கத்திலே கைவிடப்பட்டிருந்த பழைய சுரங்கத்தின் தண்ணீர் உடைத்துக்கொண்டு பாய்ந்தது. ஒன்பது பேர் சுமார் 240 அடி ஆழத்தில் அகப்பட்டார்கள். அவ்வாண்டே இது தொலைக்காட்சிப் படமுமாயிற்று.

தண்ணீர் ஏறினபோது, தங்கள் உடல்கள் சிதறாமல் ஒன்றாய்க் கிடைக்கும்படி அவர்கள் ஒருவரோடொருவர் கட்டிக்கொண்டார்கள். வீட்டாருக்குக் கடைசிச் சொற்களை எழுதி ஒரு வாளியில் வைத்து மூடினார்கள்.

இது நம்பிக்கை இழந்தவர் செய்கையா? அல்ல. அதே மனிதர்தான் குளிரில் நெருங்கியிருந்து ஒருவருக்கொருவர் சூடு தந்தார்கள். மேலிருந்து துளைத்து வந்த இரும்பைத் தட்டி, உயிரோடிருப்பதை அறிவித்தார்கள். சாவுக்கு ஆயத்தமானார்கள், முயற்சியையும் விடவில்லை. "எனக்குச் சாவு வராது" என்றிருப்பது நம்பிக்கையல்ல, வீண் துணிவு. சாவு வரக்கூடுமென்று அறிந்தும் பிறனைத் தாங்குவதே நம்பிக்கை.

28-ந் தேதி ஒன்பது பேரும் ஒவ்வொருவராய் உயிரோடு மேலே எடுக்கப்பட்டார்கள்.

பூமிக்கடியிலிருந்து அவர்கள் வீட்டாருக்கு எழுதின சொற்களை, நாம் நம் வீட்டாருக்கு இன்றிரவு சாப்பாட்டு வேளையிலேயே சொல்லலாம். அதற்குத் தண்ணீர் ஏறும்வரை காத்திருப்பானேன்?