எழுதியவன் யார்?

"எல்லாம் தலையெழுத்து!"

புற்றுநோய் என்ற சொல் ஒரு வீட்டினுள் நுழைந்ததும் எழும் முதற்குரல் இது. தாய் சொல்வாள், தமையன் சொல்வான், ஆறுதல் கூற வந்த அண்டை வீட்டாரும் அதையே சொல்வர். எழுதியவன் எழுதிவிட்டான், அழித்தெழுத எவரால் ஆகும் என்பது அதன் பொருள். இந்த ஓலத்தை நெடுங்காலமாகக் கேட்டிருக்கிறோம், மறுத்தும் வந்திருக்கிறோம்.

இன்று அதே வீட்டில் இன்னொரு குரல் எழுகிறது. "எல்லாம் மரபணு!" முன்னவர் நெற்றியைத் தொட்டுக் காட்டினார், பின்னவர் ஆய்வுக்கூடத்தின் அறிக்கையை நீட்டிக் காட்டுகிறார். நெற்றி போயிற்று, அறிக்கை வந்தது. ஆனால், இரண்டின் முன்னும் மனிதன் கைகட்டித்தான் நிற்கிறான் என்றால், பகுத்தறிவு பெற்ற வெற்றிதான் என்ன? பழைய பலிபீடத்துக்குப் புதிய வண்ணம் பூசியதை வெற்றி என்பதா?

ஆகவேதான் கூறுகிறேன்: மருத்துவக் கல்லூரியில் பயிலும் இளைஞருக்குப் புற்றுநோயின் மரபணுவியலைக் கற்பிப்பது, எந்த ஆண்டில், எத்தனை மணி நேரம் என்ற அட்டவணைச் சிக்கல் மட்டுமன்று. அது அறத்தைப் பற்றிய கேள்வி. விதியை விரட்ட வந்த அறிவே விதியாக மாறாமல் காப்பது எப்படி என்ற கேள்வி.

எழுதியவன் யார் என்பதிலிருந்தே பாடம் தொடங்கட்டும்.

மனித உயிரணு ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்ட ஏடு ஒன்று இருக்கிறது. அதில் புரதங்களை ஆக்கும் மரபணுக்கள் சுமார் 20,000. இந்த ஏட்டில் நேரும் பிழைகளே புற்றுக்கு வித்து என்ற கருத்தை, ஜெர்மன் அறிஞர் தியோடர் போவேரி 1914லேயே முன்வைத்தார். 1960ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நோவல், ஹங்கர்போர்டு என்னும் இருவர், இரத்தப் புற்றின் ஒரு வகையில் குறுகிப்போன குரோமோசோம் ஒன்றைக் கண்டனர். 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் தம் துண்டுகளை இடம் மாற்றிக்கொண்டதன் விளைவே அது என்று 1973ல் சிகாகோவின் ஜேனட் ரௌலி என்னும் அம்மையார் காட்டினார்.

அந்த மாற்றம் எப்போது நேர்ந்தது? கருவிலா? இல்லை. பிறந்து, வளர்ந்து, வாழ்ந்த பிறகு, எலும்பு மச்சையின் ஓர் உயிரணுவில் நேர்ந்தது. பெற்றோர் தந்ததுமன்று, பிள்ளைக்குப் போவதுமன்று. மரபணு என்ற சொல்லில் 'மரபு' இருப்பதால், எல்லாப் புற்றும் மரபுவழியே வருவது என்று எண்ணுவோர் பலர். உண்மை வேறு. புற்றுநோயாளர் நூறு பேரில், பெற்றோர் வழியே வந்த குறையால் நோயுற்றோர் ஐந்து முதல் பத்துப் பேர்தாம். மற்றவர்க்கெல்லாம் பிழை பிறகு எழுதப்பட்டது.

யார் எழுதினார்? 2016ல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டுச் சொன்னது: நாளொன்றுக்கு ஒரு பெட்டி சிகரெட்டு வீதம் ஓராண்டு புகைத்தால், நுரையீரலின் ஒவ்வோர் உயிரணுவிலும் சராசரியாக 150 மாற்றங்கள் எழுதப்படுகின்றன. எழுதியவன் நான்முகன் அல்லன். நான்கு விரற்கடை நீளமுள்ள புகைச்சுருள்! கருப்பைவாய்ப் புற்றுக்கோ ஒரு வைரசு காரணம். அதைக் கண்டறிந்த ஹரால்டு சூர் ஹவுசனுக்கு 2008ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வைரசைத் தடுக்கும் ஊசியும் வந்துவிட்டது. எழுதும் கையைப் பிடித்துத் தடுக்க முடியும் என்றால், அதற்குப் பெயர் விதியா?

எனினும், இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். "புகைத்தாய் அல்லவா, அனுபவி!" என்று நோயாளியைக் குத்திக் காட்டும் மருத்துவன், வினைப்பயன் பேசும் பழைய புராணிகனே, மேலங்கி மட்டும் வெள்ளை. புகையே அறியாதோர்க்கும் நுரையீரற் புற்று வருகிறது. உயிரணு பிரியும்போதெல்லாம் ஏட்டைப் படியெடுக்க வேண்டியிருக்கிறது. படியெடுப்பதில் தற்செயலாய்ப் பிழை நேர்கிறது. அந்தப் பிழை எவர் செய்த பாவமும் அன்று. காரணத்தைத் தேடுவது அறிவு. குற்றவாளியைத் தேடுவது பழக்கதோஷம். இரண்டையும் பிரித்தறிய மாணவனுக்குக் கற்பிக்காவிட்டால், அறிவியல் அவன் கையில் சவுக்காகிவிடும்.

இனி, அந்த ஐந்து முதல் பத்துப் பேரை நோக்குவோம். மார்பகப் புற்றுக்கு வழிவகுக்கும் மரபணு ஒன்று 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று 1990ல் மேரி கிளேர் கிங் என்னும் அறிஞர் காட்டினார். 1994ல் அதுவே தனியே இனங்காணப்பட்டது. பி.ஆர்.சி.ஏ. 1 என்பது அதன் பெயர். அதில் கேடான மாற்றமுள்ள பெண்கள் நூறு பேரில், 80 வயதுக்குள் சுமார் 72 பேர் மார்பகப் புற்றுக்கு ஆளாகிறார்கள் என்று 2017ல் வந்த பெரிய ஆய்வொன்று கூறுகிறது. அப்படியானால், 28 பேர் ஆளாவதில்லை! எழுபத்திரண்டைச் சொல்லி இருபத்தெட்டை விழுங்கினால், அது கல்வியா, சோதிடமா? அந்த எழுபத்திருவரும் சாவுக்குக் குறிக்கப்பட்டோர் அல்லர். முன்கூட்டி அறிந்தால் அடிக்கடி சோதிக்கலாம், அறுவையால் தடுக்கலாம், வந்த பின்னும் அதற்கெனவே அமைந்த மருந்துகள் உண்டு.

இதே மரபணுவில்தான் நம் சமுதாயத்தின் புண் ஒன்றும் தெரிகிறது. வீட்டில் ஒருத்திக்கு மார்பகப் புற்று வந்தால், "அவள் தாய்வழி அப்படி" என்று பேசுகிறார்கள். தாய் தந்தாள் என்பது பாதி உண்மை. தந்தையும் தரலாம் என்பது மறைக்கப்பட்ட மறுபாதி. மாற்றத்தைத் தாங்கியவர் தாயோ தந்தையோ, பிள்ளை ஒவ்வொன்றுக்கும் அது செல்ல நூற்றுக்கு ஐம்பது வாய்ப்பு. மகனுக்கும் போகும், மகளுக்கும் போகும். ஆனால் அறிக்கை ஒன்று வந்துவிட்டால், எந்தத் திருமணம் நின்றுபோகும்? மகனுடையதா? மகளுடையதா? பெண் பார்க்க வருவோர் நாளை சாதகத்தோடு மரபணு அறிக்கையையும் கேட்க மாட்டார்கள் என்று உறுதி கூற வல்லார் யார்?

எண்ணிப் பாருங்கள். இருபத்து மூன்று வயதுப் பயிற்சி மருத்துவர். எதிரே ஒரு பெண். அறிக்கையில் கேடான மாற்றம் இருக்கிறது. "டாக்டர், என் தங்கைக்குத் திருமணம் பேசியிருக்கிறோம். அவளிடம் சொல்லாதீர்கள்" என்கிறாள். சொன்னால் நோயாளியின் நம்பிக்கை உடைகிறது. சொல்லாவிட்டால் தங்கையின் உயிர் இருளில் கிடக்கிறது. எந்தப் பக்கம் நிற்பது?

அறிக்கை அந்தப் பெண்ணுடையது. அவளை மீறிக் கணவனிடமோ, மாமியாரிடமோ, தங்கையின் சம்பந்தி வீட்டாரிடமோ சொல்ல மருத்துவருக்கு உரிமையில்லை. ஆனால், வாய்மூடிக் கோப்பை மூடுவதும் அறமன்று. தங்கை அறிந்தால் என்னென்ன செய்யலாம் என்று எடுத்துரைக்க வேண்டும். எப்படிச் சொல்வது என்று சொல் எடுத்துக் கொடுக்க வேண்டும். மறுத்தால் மறுமுறையும் பொறுமையோடு பேச வேண்டும். இது ஒரு நாளில் வருவதன்று, பழகிப் பெறுவது. இந்திய மருத்துவப் பட்டப்படிப்பில் 2019 முதல் மனப்பான்மை, அறநெறி, உரையாடல் ஆகியவற்றுக்கென்றே தனிப் பகுதி இடம்பெற்றிருக்கிறது. மரபணுப் பாடத்தை ஓர் அறையிலும் அறநெறிப் பாடத்தை வேறோர் அறையிலும் நடத்தாமல், இரண்டையும் ஒரே நோயாளியின் கட்டிலருகே நடத்துவதுதான் முறை.

"எனக்குத் தெரியாது" என்று சொல்லவும் மாணவன் பழக வேண்டும். மரபணுச் சோதனையில் சில மாற்றங்கள், கேடானவையா, தீங்கற்றவையா என்று தீர்ப்புக் கூற முடியாதவையாக நிற்கும். ஐரோப்பிய வழியினர் அல்லாதாரிடம் அத்தகையவை மிகுதி. ஏன்? ஒப்பிட்டுப் பார்க்கும் தொகுப்புகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வழியினருடையது. இந்தியர் பதினாயிரம் பேரின் மரபணுத் தொகுதிகள் ஆய்வாளர்க்குத் திறந்துவிடப்பட்டதே 2025ல்தான். பொருள் விளங்காத எழுத்தைக் கண்டு, உறுப்பை அறுத்தெறியச் சொல்வது கொடுமை. பூசாரி ஒருநாளும் தெரியாது என்று சொன்னதில்லை. மருத்துவன் சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லில்தான் இருவருக்கும் வேறுபாடு இருக்கிறது.

"ஏற்கெனவே பாடச்சுமை தாங்கவில்லை. சோதனைக்கும் மருந்துக்கும் பணமில்லாத ஏழைக்கு இந்த அறிவு எதற்கு?" என்று கேட்போர் உளர். கேள்வியில் இரக்கம் இருக்கிறது; விடையை அவர்கள் சரியாய்த் தேடவில்லை.

பிலடெல்பியாவில் கண்ட அந்தக் குறுகிய குரோமோசோமை எதிர்க்கும் மருந்து, இமாட்டினிப், 2001ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதன் ஒரு வடிவத்துக்கு இந்தியாவில் காப்புரிமை கேட்டது நோவார்ட்டிஸ் நிறுவனம். அன்று அதன் மருந்து மாதம் ஓர் இலட்சம் ரூபாய்க்கும் மேல் விற்றது. இந்திய நிறுவனங்கள் ஆக்கியதோ பத்தாயிரம் ரூபாய் அளவில். 2006ல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் அந்த விண்ணப்பத்தைத் தள்ளியது. 2007ல் சென்னை உயர்நீதிமன்றம், அத்தகைய உரிமையைத் தடுக்கும் சட்டப்பிரிவை எதிர்த்த வழக்கைத் தள்ளியது. 2013 ஏப்ரல் முதல் நாள் உச்சநீதிமன்றம் முடிவான தீர்ப்புக் கூறியது. பழைய பொருளின் புதிய வடிவம் உண்மையிலேயே சிறந்த பயன் தருகிறதா என்று அறிவியலைக் கொண்டு கேள்வி கேட்டதால் கிடைத்த தீர்ப்பு அது. அதே ஆண்டு ஜூனில், இயற்கையில் உள்ள மரபணுவுக்கு எவரும் காப்புரிமை கொள்ள முடியாது என்று அமெரிக்க உச்சநீதிமன்றமும் கூறியது. ஏழைக்கு இந்த அறிவு எதற்கு என்று கேட்டீர்களே, இதற்குத்தான்! அறிந்தவன் விலை பேசுகையில் தட்டிக் கேட்க, அவனைப் போலவே அறிந்த ஆயிரம் பேர் வேண்டும்.

கற்பிக்கப் பெருஞ்செல்வமும் வேண்டியதில்லை. 2006ல் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு திட்டம் 33 வகைப் புற்றுகளின் மரபணுத் தொகுதிகளை ஆராய்ந்து, விளைவுகளை உலகுக்குத் திறந்து வைத்திருக்கிறது. ஒரு கணிப்பொறி இருந்தால் எந்த ஊர்க் கல்லூரி மாணவனும் அவற்றைக் கட்டணமின்றி ஆராயலாம். ஆனால் ஒன்றை மறக்கலாகாது. திரையில் தெரியும் ஒவ்வொரு வரியும், ஒருகாலத்தில் வலியால் துடித்த ஓர் உடல். 1951ல் அமெரிக்காவில் ஹென்றியட்டா லாக்ஸ் என்னும் கறுப்பினப் பெண்ணின் புற்றணுக்களை, அவரைக் கேளாமலே ஆய்வுக்கு எடுத்தார்கள். உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் அவை இன்றும் வாழ்கின்றன. அவரோ அவ்வாண்டே மறைந்தார். 2013ல் அந்த அணுக்களின் மரபணுத் தொகுதியையும் குடும்பத்தைக் கேளாமல் வெளியிட்டார்கள். எதிர்ப்பு எழுந்த பின்னரே உடன்பாடு வந்தது. கேட்டுப் பெறுவதும் நன்றியோடு பயன்படுத்துவதும் பாடத்தின் முதற்பக்கத்தில் இடம்பெற வேண்டியவை.

உடன்பிறந்தாளைப் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954ல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை நிறுவினார். விதி என்று அமர்ந்திருந்தால் அந்தக் கட்டடம் எழுந்திராது. அன்று அவர் எழுப்பியது மருத்துவமனை. இன்று நாம் எழுப்ப வேண்டியது, நோயாளி கலங்கிக் கேட்கும்போது, அச்சமூட்டாமலும் பொய் கூறாமலும் விடை சொல்லத் தெரிந்த இளைஞர் கூட்டம். மரபணு ஏட்டைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். அதைத் தீர்ப்பாகப் படிக்காமல், திருத்தத்தக்க படியாகப் படிக்கக் கற்றுக்கொடுங்கள்!