நாத்தான்வேல் கேட்ட கேள்வி

இன்றைய பாடம் யோவான் முதலாம் அதிகாரம். பிலிப்பு தன் சிநேகிதன் நாத்தான்வேலிடம் போய் இயேசுவைப் பற்றிச் சொல்கிறான். அவனோ, நாசரேத்திலிருந்து உருப்படியாக எதுவும் வருமா என்று எகத்தாளமாகக் கேட்டுவிடுகிறான். பிலிப்புக்குச் சுருக்கென்று இருந்திருக்கும். ஆனாலும் அவன் வாக்குவாதத்துக்குப் போகவில்லை. நீயே வந்து பாரேன் என்பதோடு நிறுத்திக்கொண்டான். ஆண்டவரும் கோபித்துக்கொள்ளவில்லை. தம் ஊரைப் பழித்த அதே ஆளைத்தான் சூதுவாது இல்லாதவன் என்று பாராட்டினார்.

பிலிப்புக்கு நாத்தான்வேல் போல நமக்கும் சிநேகிதர்கள் உண்டு. அவர்கள் பெரும்பாலும் நம் திருத்தணி மலைக்குப் போகிறவர்கள். டிசம்பர் 31 ராத்திரி நாம் புத்தாண்டு ஆராதனைக்கு வருகிறோம்; அவர்கள் 365 படிகளுக்கும் பூஜை செய்து, பாடிக்கொண்டே ஏறுகிறார்கள். வருஷப் பிறப்பன்று வெள்ளைக்கார துரைகளைத் தேடிப்போய்க் கும்பிடுவதைவிட முருகனைக் கும்பிடட்டும் என்று வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கி வைத்தது அது. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது! போன வருஷத்துக்கான நன்றியும் வரப்போகிற வருஷத்தைப் பற்றிய பயமும் அவர்களுக்கும் உண்டு, நமக்கும் உண்டு.

இந்த ஊரில் 1888-ல் பிறந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளி, வேலூரில் ஊரீஸ் கல்லூரி, பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி என்று படித்ததெல்லாம் நம் மிஷனரிகளிடம். பின்னாளில் நாட்டின் குடியரசுத் தலைவரான டாக்டர் ராதாகிருஷ்ணன்தான் அவர். அந்த வகுப்புகளில் இந்து மதத்தைக் குறை சொல்லும் பேச்சை அவர் நிறையக் கேட்டார். அது அவர் மனதைப் புண்படுத்தியது. அப்படி என்னதான் குறை இருக்கிறது பார்ப்போம் என்று தம் மதத்தையே ஆழமாகப் படிக்க உட்கார்ந்துவிட்டார். நம்மவர்கள் நினைத்தது ஒன்று, நடந்தது வேறொன்று.

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் ஏ. ஜி. ஹாக் என்ற ஸ்காட்லாந்து மிஷனரி தத்துவப் பேராசிரியராக இருந்தார். வேதாந்தத்தில் ஒழுக்கநெறிக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டை மறுத்து, 1908-ல் எம்.ஏ. பட்டத்துக்கு ராதாகிருஷ்ணன் ஓர் ஆய்வேடு எழுதினார். ஆசிரியர் மனம் கோணுவாரோ என்று மாணவருக்கு உள்ளூரப் பயம். ஹாக் படித்துப் பார்த்துவிட்டு மனதாரப் பாராட்டினார். ஹாக் விசுவாசத்தில் குறைந்தவரல்ல; கர்ம சித்தாந்தத்தையும் கிறிஸ்துவின் மீட்பையும் அருகருகே வைத்துப் புத்தகமே எழுதியவர். ஆனால் எதிரே இருப்பவனுக்கும் கடவுளோடு மெய்யான உறவு இருக்கலாம் என்று நம்பினார். 1938-ல் தாம்பரத்தில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில், ஹெண்ட்ரிக் கிரேமர் போன்ற பெரியவரோடு இதற்காகவே கருத்து மோதினார். மாணவர் ஞானஸ்நானம் பெறவில்லையே, ஹாக் தோற்றுப்போனாரா என்று கேட்பவர்களுக்கு நான் இல்லை என்றே சொல்வேன்.

ஆடிக் கிருத்திகைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மொட்டை போட்டு, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு இறங்கி வருகிறார். பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்களே, ஏன்? “என்னண்ணே வேண்டுதல்?” என்று கேளுங்கள். மகளுக்கு வரன் அமையவில்லை என்பார்; பேரனுக்கு உடம்பு சரியில்லை என்பார். அன்று ராத்திரி உங்கள் ஜெபத்தில் அந்தப் பேரன் பெயர் இருக்கட்டும். அப்புறம் ஒருநாள் அவரே, நீங்கள் எதை நம்பி இருக்கிறீர்கள் என்று கேட்பார். கேட்டால், உங்களுக்கு ஆண்டவர் செய்ததைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். துண்டுப் பிரசுரத்தைக் கதவிடுக்கில் செருகிவிட்டு ஓடிவராதீர்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவரிடம், கடன்பட்டு நிற்பவரிடம் போய், மதம் மாறினால் உதவுவோம் என்கிற மாதிரிப் பேச்சு வேண்டவே வேண்டாம். அது சாட்சி அல்ல, பேரம்.

அடுத்த ஞாயிறு நிக்கொதேமுவைப் பார்ப்போம். மூன்றாம் அதிகாரத்தை வீட்டிலேயே படித்துவிட்டு வாருங்கள்.