வானமும் மந்திரமாகலாமா?

பொருள் விளங்காத மொழியிலே ஓதுவதை மந்திரம் என்றோம். அது மனிதனை மந்தையாக்கும் என்றோம். நன்று! பொருள் விளங்காமலே கோள்களின் பெயர்களை ஆங்கிலத்தில் ஒப்பிக்கும் சிறுவனின் படிப்புக்கு என்ன பெயரிடப் போகிறோம்?

2024 பிப்ரவரி 28ஆம் நாள், குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஅரிக்கோட்டாவிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் ராக்கெட், இலங்கையைத் தவிர்க்க வளைந்து செல்லவேண்டும், எரிபொருள் வீணாகும். இங்கோ, தெற்கே திறந்த கடல்! ஆங்கிலத்திலேயே கேட்டு, ஆங்கிலத்திலேயே விடைசொல்லப் பழக்கப்பட்ட நம் பிள்ளைகளை அக்கடற்கரைக்கு வானம் காட்ட அழைத்துச் செல்வோமாயின், எம்மொழியிலே காட்டுவது?

வடக்கே, அடிவானத்தையொட்டித் துருவ விண்மீன் நிற்கிறது. கையை நீட்டி விரல்களை மடக்கினால், அந்தப் பிடியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. விண்மீன் ஒரு பிடிக்கும் சற்றுத் தாழ்வாகவே இருக்கும். தில்லியில் நின்று பார்த்தாலோ ஏறத்தாழ மூன்று பிடி! "ஏன் உயர்ந்தது?" என்று பிள்ளை தன் மொழியிலே கேட்கட்டும். உலகம் உருண்டை என்ற உண்மை அவன் கைப்பிடிக்குள்ளே அகப்படும்.

"தமிழிலே விண்ணியலா?" என ஏளனம் செய்வோர் உளர். தமிழ்வழியில் பள்ளிக்கல்வி பயின்ற மயில்சாமி அண்ணாதுரைதான், 2008இல் நிலவை நோக்கிப் புறப்பட்ட சந்திரயான்-1 திட்டத்தின் இயக்குநர்! சென்னை வான் ஆய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1874இல் வெள்ளிக்கோள் கதிரவனைக் கடந்த நிகழ்ச்சியை இந்திய மொழிகளிலே நூலாக்கி மக்களுக்கு விளக்கினார்.

ஆங்கிலம் நமக்குப் பகையன்று. தமிழ் என்பதனாலேயே அறிவு வந்துவிடுவதுமில்லை. உணராமல் உருப்போட்டால் தமிழ்ச்சொல்லும் மந்திரமே! பின், உரைகல் எது? கற்றதை வீட்டிலே சொல்ல முடிகிறதா என்பதே.

கிரகண நாளன்று, கருவுற்ற தமக்கையை இருட்டறையிலே அடைக்கிறது வீடு. நிலவின் நிழலே அது என்பதைத் தம்பி ஆங்கிலத்திலே எழுதி, முழு மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறான். ஆனால் அதை அன்னைக்கு எடுத்துச் சொல்ல அவனிடம் மொழியில்லை! அறிவு தேர்வுத்தாளிலே, அச்சம் அடுக்களையிலே. ஒரே கூரையின்கீழ் இரண்டும் குடியிருக்க விடுவது அறமா?

தோழர்களே, பிள்ளைகளுக்கு வானத்தைக் காட்டுங்கள். அதை வீட்டுக்கு எடுத்துச் செல்லும் மொழியையும் கொடுங்கள். அக்காளின் அறைக்கதவைத் திறக்காத விண்ணியல், எத்தனை உயரம் பறந்தென்ன?