பசி யாருடைய குற்றம்?

அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை எம்.டி.எச். சாலையில் மருந்துக்கடைகளுக்குப் பஞ்சமில்லை. சர்க்கரை மாத்திரை வாங்காத குடும்பம் அந்தப் பக்கம் குறைவு. 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ, ஜூனில் வீகோவி, டிசம்பரில் ஒசெம்பிக் என்று, சர்க்கரைக்கும் எடைக்கும் வாரம் ஒரு முறை போட்டுக்கொள்ளும் ஊசிகள் வரிசையாக இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. முதலாவது டிர்செபடைடு, மற்ற இரண்டும் செமாக்ளூடைடு. செமாக்ளூடைடின் காப்புரிமை இங்கே 2026 மார்ச் வரைதான் என்பதால், விலை இறங்கும் என்ற நம்பிக்கையில், நேற்றுவரை வசதியானவர்கள் பேசிய பேச்சைத் தொழிற்பேட்டையில் ஷிப்டு முடித்து வருபவரும் பேசத் தொடங்கியிருக்கிறார். பேச்சு எழுந்தால் இரண்டு குரல்கள் கேட்கும். 'வாயைக் கட்டத் தெரியாதவன்தான் ஊசியைத் தேடுவான்' என்பது ஒன்று. 'காசு கொடுத்தால் இளைத்துவிடலாம், எதற்குப் பட்டினி' என்பது மற்றொன்று. எதிரும் புதிருமாகத் தோன்றினாலும் இரண்டு குரல்களும் உடல் எடையைப் பாவ புண்ணியக் கணக்கில்தான் எழுதுகின்றன; ஒன்று தண்டனை சொல்கிறது, மற்றது பரிகாரம் சொல்கிறது. இந்த ஊசி ஒருவருக்குப் பொருந்துமா என்ற கேள்வியை அந்தக் கணக்கிலிருந்து முழுவதுமாக வெளியே எடுக்க வேண்டும் என்பதே என் கட்சி. எடுக்காவிட்டால், தேவைப்படுகிறவர் வெட்கப்பட்டு மறுப்பார்; தேவைப்படாதவர் அதே வெட்கத்தால் போட்டுக்கொள்வார்.

முதலில் ஆதாரத்தைப் பார்ப்போம். உணவு உள்ளே போனதும் குடல் ஜி.எல்.பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. இயற்கையானது சில நிமிடங்களில் சிதைந்துவிடும். அதன் சாயலில் செய்யப்பட்ட செமாக்ளூடைடு ஒரு வாரம் தாக்குப்பிடிக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கும்போது இன்சுலினைத் தூண்டுகிறது, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது, மூளைக்குப் 'போதும்' என்ற செய்தியைச் சொல்கிறது. 2021இல் வெளியான ஸ்டெப்-1 ஆய்வில் சர்க்கரை நோய் இல்லாத, உடல் பருமனோ கூடுதல் எடையோ உள்ள 1,961 பேர் பங்கேற்றார்கள். உணவைக் குறைப்பதற்கும் உடற்பயிற்சிக்கும் எல்லோருக்கும் ஒரே ஆலோசனை. ஒரு பிரிவுக்கு மருந்து ஊசி, மறு பிரிவுக்கு வெற்று ஊசி. 68 வாரம் கழித்து மருந்துப் பிரிவின் எடை சராசரியாக 14.9 சதவீதம் குறைந்தது. வெற்று ஊசிப் பிரிவில் 2.4 சதவீதம். யார் எந்தப் பிரிவு என்பதைக் குலுக்கல் முறைதான் தீர்மானித்தது. ஆகவே மன உறுதி உள்ளவர்களும் இல்லாதவர்களும் இரு பக்கத்திலும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இருந்தார்கள் என்றுதான் கொள்ள வேண்டும். ஒழுக்கம் சமமாக இருந்தும் எடையில் இத்தனை வித்தியாசம். அதே ஆண்டின் ஸ்டெப்-4 ஆய்வு இன்னும் கறார். எல்லோருக்கும் 20 வாரம் மருந்து கொடுத்து, பிறகு ஒரு பகுதியினரை, யார் யார் என்று சொல்லாமல், வெற்று ஊசிக்கு மாற்றினார்கள், ஆலோசனை நிற்கவில்லை. மாற்றப்பட்டவர்களின் எடை அடுத்த 48 வாரத்தில் சராசரியாக 6.9 சதவீதம் ஏறியது, தொடர்ந்தவர்களுக்கோ மேலும் 7.9 சதவீதம் இறங்கியது. இருபதாவது வாரத்தில் அவர்களுடைய குணம் கெட்டுப்போயிற்றா? பசி திரும்பி வந்தது, அவ்வளவுதான். மருந்தே இல்லாமல் இளைத்தவர்களும் இருக்கிறார்களே என்று கேட்கலாம். இருக்கிறார்கள், வெற்று ஊசிப் பிரிவிலும் இருந்தார்கள். ஒருவருக்கு இயன்றது மற்றவருக்கு இயலவில்லை என்பது, அதைக் குற்றம் என்று அழைக்கப் போதுமான காரணம் ஆகாது.

மதத்தின் பக்கமிருந்து வரும் ஆட்சேபம் இதைவிடக் கனமானது. அடக்கம் என்பது உழைத்து ஈட்ட வேண்டியது, ஊசியால் வந்த அடக்கம் இரவல் என்கிறது அது. இதற்குப் பதில் தேடும்போது பாலி மொழிப் பௌத்த நூலான சம்யுத்த நிகாயத்தில் உள்ள ஒரு சின்னக் கதை நினைவுக்கு வருகிறது. கோசல மன்னன் பசேனதி வயிறு முட்டச் சோறு தின்றுவிட்டு, மூச்சு வாங்க வாங்கப் புத்தரிடம் வந்து உட்காருகிறான். புத்தர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அளவறிந்து உண்பவனுக்கு நோவு குறையும், மூப்பு மெல்ல வரும் என்ற பொருளில் ஒரு பாட்டுச் சொல்கிறார். மன்னன் அதைத் தானே மனப்பாடம் செய்துகொள்ளவும் இல்லை. பின்னால் நின்ற சுதஸ்ஸனன் என்ற இளைஞனிடம், நீ கற்றுக்கொண்டு நான் சாப்பிடும்போதெல்லாம் சொல், தினமும் நூறு கஹாபணக் காசு தருகிறேன் என்கிறான். இளைஞன் ஒவ்வொரு வேளையும் சொல்லச் சொல்ல, மன்னன் படிப்படியாக ஒரு நாழிச் சோற்றுக்கு இறங்கி வருகிறான். உடம்பு இளைத்த பிறகு தன் மேனியைத் தடவிப் பார்த்து, இம்மைக்கும் மறுமைக்கும் நன்மை செய்தார் என்று புத்தரைப் புகழ்கிறான். வெளியிலிருந்து வந்த உதவி, தினப்படிச் செலவு, நிறுத்தாமல் தொடர வேண்டிய ஏற்பாடு என்று நம் ஊசிக்குச் சொல்லப்படும் குறைகள் எல்லாமே அதில் இருக்கின்றன. ஆனாலும் அந்த நூல் மன்னனின் அடக்கத்தைப் போலி என்று சொல்லவில்லை.

பாட்டு அறிவோடு பேசுகிறது, ஊசி அறிவுக்குத் தெரியாமல் நரம்போடு பேசுகிறது, இரண்டும் ஒன்றாகுமா என்று இங்கே மறுப்பு வரும். நியாயமான மறுப்புத்தான். ஊசி யாரையும் நல்லவராக்காது. திருவேற்காடு கருமாரியம்மனுக்கு ஆடி மாதம் நோன்பிருப்பவரோ, பூந்தமல்லி வரதராஜப் பெருமாளை நினைத்து ஏகாதசி இருப்பவரோ இந்த மருந்தைப் போட்டுக்கொண்டால், விரதத்தின் பாரம் முன்புபோல் இருக்காது. பசியே எடுக்காதவர் எதைத் துறக்கிறார்? அந்த இழப்பை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மருந்து தொடாத இடங்கள் நிறைய இருக்கின்றன. கோபம், பேராசை, பொய், அடுத்தவர் பொருள்மேல் கண் என்று அடக்கத்துக்கு வேலை தீர்ந்துபோகாது. (விரதம் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ சேர்த்து எடுத்துக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை சட்டென்று தாழ்ந்து மயக்கம் வரலாம். வேண்டுதலுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.)

நம் ஊரில் இந்த வாதத்துக்கு எல்லோரும் துணைக்கு அழைப்பது வள்ளுவரை. முன்பு உண்டது செரித்ததை அறிந்து உண்டால் உடம்புக்கு மருந்தே வேண்டாம் என்று அவர் சொன்னது உண்மை. ஆனால் அதைச் சொன்ன இடத்தைக் கவனிக்க வேண்டும். அடக்கத்தையும் தவத்தையும் அறத்துப்பாலில் வைத்தவர், 'மருந்து' அதிகாரத்தைப் பொருட்பாலில் வைத்தார். அளவாக உண்பது அவருக்கு உலக வாழ்வின் விவேகம். அளவாக உண்ணத் தவறியவனை அங்கே அவர் பாவி என்று தூற்றவில்லை, நோய் வரும் என்று எச்சரிக்கிறார். அறத்துப்பாலில் நாவைக் காக்கச் சொன்னபோது அவர் கவலைப்பட்டது பேச்சைப் பற்றி. மேலும், மருந்து வேண்டாம் என்ற குறள் அதிகாரத்தின் இரண்டாவது குறள். அதோடு நிறுத்தியிருக்கலாம்; நிறுத்தவில்லை. கடைசி மூன்று குறள்களில் நோய் வந்துவிட்டவனுக்கு என்ன செய்வது என்று போகிறார். நோயையும் அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் ஆராய வேண்டும். நோயாளியின் அளவும் நோயின் அளவும் காலமும் பார்க்க வேண்டும். நோயாளி, மருத்துவர், மருந்து, கூட இருந்து கவனிப்பவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம். இரண்டாவது குறளை மட்டும் எடுத்து அடுத்தவர் முகத்தில் வீசுகிறவர்கள் பத்தாவது வரை வாசிப்பது நல்லது.

ஊசி பொருந்துமா என்பதற்கு அந்தக் கடைசிக் குறள்களை விடச் சிறந்த அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. நோயாளி என்றால் எந்த உடம்பு? எடை குறைப்புக்கென இந்த வகை ஊசிக்கு உள்ள அனுமதி, உடல் நிறைக் குறியீடான பி.எம்.ஐ. 30 அல்லது அதற்கு மேல் இருப்பவர்களுக்கு, அல்லது 27 அல்லது அதற்கு மேல் இருந்து கூடவே ரத்த அழுத்தம், சர்க்கரை போன்ற தொல்லை இருப்பவர்களுக்கு. ஆனால் நம்மவர்களில் ஒல்லியாகத் தெரிந்தாலும் வயிற்றில் கொழுப்பு சேர்ந்து சர்க்கரை வருபவர்கள் ஏராளம். அதனால்தான் இந்திய மருத்துவர்கள் 23இலேயே எச்சரித்து, 25ஐப் பருமன் என்று கொள்கிறார்கள். ஆணுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 தாண்டினால் கவலைப்படச் சொல்கிறார்கள். தராசை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. நோயின் அளவு என்றால், மாரடைப்பு வந்தவருக்கும் அடுத்த மாதம் கல்யாணம் என்பதால் இளைக்க நினைக்கும் பெண்ணுக்கும் ஒரே பதில் கிடையாது. இதய, ரத்தக்குழாய் நோய் உள்ள 17,604 பேரிடம் நடந்த செலக்ட் ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றும் சேர்ந்த ஆபத்து 20 சதவீதம் குறைந்தது. மாரடைப்பு வந்தவருக்கு இந்த ஊசி உயிர் காக்கும் வகை. கல்யாணப் பெண்ணுக்கு அந்த லாபம் இல்லை. குமட்டலும், நிறுத்தியதும் திரும்பும் எடையும்தான் மிச்சம். காலம் என்றால், நான்கு வாரத்துக்கு ஒரு முறை அளவை ஏற்றிக்கொண்டே போய், பிறகு வருடக்கணக்கில் தொடர வேண்டியது இது. நான்காவது ஆள், கூட இருப்பவர், பெரும்பாலும் பேச்சிலேயே வருவதில்லை. மூன்று கரண்டிச் சோறு சாப்பிட்டவர் அரைக் கரண்டியோடு எழுந்துவிடுவார். அந்த அரைக் கரண்டியும் வெறும் ரசம் சாதமாக இருந்தால் கொழுப்போடு தசையும் கரையும். தட்டில் முட்டை, பயறு, மீன், தயிர் இருக்கிறதா என்று பார்ப்பவர் வேண்டும். ஐம்பது தாண்டியவர்களுக்கு இது இன்னும் முக்கியம். நைட் ஷிப்டு முடிந்து வந்து தூங்கி எழுந்து தனியாகச் சாப்பிடுகிறவருக்கு அந்த ஆள் யார்?

இதையெல்லாம் பேசும்போதே விலை நினைவுக்கு வரும். மவுன்ஜாரோ வந்தபோது ஆரம்ப அளவு ஒரு குப்பி 3,500 ரூபாய், மாதத்துக்கு நான்கு. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைக்கான மெட்பார்மின் மாத்திரை இலவசம். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 முதல் அதை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. ஊசிக்கு நகையை அடகு வைத்து மூன்று மாதம் போட்டுவிட்டு நிறுத்துவதைவிட, அந்த மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவது மேல். உண்மையான குற்றவாளி கேன்டீன் எண்ணெயும், நடக்க இடமில்லாத சாலையும், தூக்கத்தைத் திருடும் ஷிப்டும்தானே, அவற்றை விட்டுவிட்டுத் தனிமனிதருக்கு ஊசி போடுவதா என்ற கேள்வியும் சரியே. அந்தப் போராட்டம் நடக்கட்டும். அது முடியும்வரை இன்றைய நோயாளியைக் காக்கவைக்க யாருக்கும் உரிமையில்லை.

மருத்துவர் சீட்டு இல்லாமல் இந்த ஊசியை வாங்காதீர்கள். சீட்டு எழுதும்முன் சில விஷயங்களை மறைக்காமல் சொல்லுங்கள்: கணைய அழற்சி வந்ததுண்டா, பித்தப்பைக் கல் உண்டா, குடும்பத்தில் மெடுலரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்ததா, சர்க்கரையால் கண் பாதித்திருக்கிறதா, கர்ப்பமாகும் எண்ணம் இருக்கிறதா. டைப்-1 சர்க்கரை என்றால் இன்சுலினுக்கு இது மாற்று ஆகாது. எத்தனை ஆண்டு செலவு தாங்கும் என்பதையும் கூசாமல் கேளுங்கள். உங்கள் நாக்கு எவ்வளவு அடங்காதது என்ற வாக்குமூலம் மட்டும் மருத்துவருக்குத் தேவையில்லை.